உச்சிவெயில் கல்யாணம்

எங்க உடைமரத்துவிளையில ஒருத்தருக்குக் கிட்னி கெட ஆரம்பிச்சா, முகம் வீங்குறதுக்கு முன்னால, காலு ரெண்டும் நீர் கோத்துப் பொதுபொதுன்னு ஆகுறதுக்கு முன்னால, மீன்கொழம்பு மணத்தாலே ஓங்கரிச்சுக்கிட்டு வர்றதுக்கு முன்னால, மொதல்ல அவங்க நிழல்தான் வெளுக்கும். கருப்பா இருந்தது சாம்பலாகும், சாம்பலா இருந்தது நீர்மோராகும், கடைசியில யாரோ அரிசிமாவ ஆளு அளவுக்குக் கொட்டி வச்சாப்ல வெள்ளை வெளேர்னு தரையில கெடக்கும், அத மாவுன்னே நெனச்சு கோழி வந்து கொத்தும். இப்படி ஏன் ஆகுதுன்னு எங்ககிட்ட கேக்காதீங்க. கத்திரிக்கா ஏன் ஊதாவா இருக்குன்னு யாராச்சும் கேக்குறீங்களா?

நான் பட்டுக்கனி. பதினாறு வயசுல இருந்து உப்பளத்துல உப்பு வாருதவ. எனக்குப் பொய் சொல்ல நல்லாவே வரும், அதுலதான் இந்தக் கதையே நடந்துச்சு, ஆனா இப்பச் சொல்லுததுல ஒரு பொய்யும் இல்ல பாத்துக்கிடுங்க.

எங்க ஊர்ல மொதல்ல வெளுத்தது எங்கப்பாவுக்கு. வாசல்ல உக்காந்து வெத்தில போட்டுக்கிட்டு இருந்தவர் நிழல்ல நாலு கோழி கூடி நின்னு கொத்துது, அவரு வெரட்டுறாரு, கோழி போயிட்டுப் போயிட்டு வருது, எங்கம்மா அடுப்படியில இருந்து அதப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சா. எட்டு மாசம் கழிச்சு அப்பா போயிட்டாரு. அடுத்த வருசம் அம்மாவும் போயிட்டா. என் தங்கச்சி செல்வக்கனிக்கு நான், எனக்கு அவதான்னு ஆயிப்போச்சு. அவளுக்கு அப்ப பன்னெண்டு வயசு.

ஊரு அதுக்கும் பழகிருச்சு. ஊருன்னா எதுக்கும் பழகிரும். வெளுத்த நிழலுக்குக் குளுமை கெடையாதுன்னு தெரிஞ்சதும், வெளுத்தவ யாரும் கைப்புள்ளையத் தூக்கிட்டுப் போனா கருத்த நிழல்காரி ஒருத்தி வெயில் வர்ற பக்கமா கூடவே நடந்து குடுத்தா. பள்ளிக்கூடத்துல காலைப் பிரார்த்தனைய முற்றத்துல வைக்காம வகுப்புக்குள்ள வச்சாவ, ஏன்னா டீச்சருக்கே வெளுத்துட்டு. மாரித்தங்கம்னு ஒருத்தன் விளக்குக்கரிய எண்ணெயில கொழச்சு, ரேஷன் கடை முன்னால குந்தி உக்காந்து, தன் நிழல் முழுக்கப் பொறுமையாப் பூசினான், பூசி முடிச்சு எந்திரிச்சு நடந்தான், நிழல் வெள்ளையாவே அவன்கூடப் போச்சு, கரி மட்டும் அங்கயே கெடந்துச்சு. இன்னைக்கும் கெடக்கு, போயிப் பாருங்க.

ஆனா உப்பளத்துக் கங்காணி நயினார் அண்ணாச்சி மட்டும் பழகல. வெளுத்த ஆளு வேலைக்கு ஆகாதுன்னு அவரு தீர்மானம். பாத்திக்குள்ள நிக்கும்போது பிரச்சினையில்ல, வெள்ளை உப்பு மேல வெள்ளை நிழல் விழுந்தா எந்தக் கண்ணுக்குத் தெரியும்? ஆனா உப்புக்கூடையத் தலையில தூக்கிக்கிட்டு வரப்பு மேல வரணும்லா? வரப்பு கருப்புச் சேறு. நாங்க விடியக்காலம் நாலு மணிக்குப் போயி ஒம்பது மணிக்குத் திரும்புதவங்க. ஏழு மணி வெயில்ல ஒவ்வொருத்தர் நிழலும் பனைமரம் நீளத்துக்கு வரப்புல படுத்துக் கெடக்கும். அண்ணாச்சி வரப்புக் கடைசியில நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டு, முகத்தப் பாக்க மாட்டாரு, தரையத்தான் பாப்பாரு. "நாளையில இருந்து நீ வராண்டாம்மா"ன்னு முடிச்சிருவாரு.

செல்வக்கனிக்கு இருபத்திரெண்டு வயசு நடக்கும்போது, ஒரு சாயங்காலம் கொடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. சேலை நிழல் கருப்பா ஆடுது. அவ நிழல் சாம்பலா ஆடுது. அவ என் முகத்தப் பாத்தா, தரையப் பாத்தா, ஈரத்துணிய அப்படியே போட்டுட்டு வீட்டுக்குள்ள போயிட்டா.

அன்னைக்கு யோசிச்சுதான் அந்த வழியக் கண்டுபிடிச்சேன். நிழல் எப்ப காலடிக்குள்ள ஒளியும்? உச்சிப்பொழுதுல. அப்ப உச்சியில வேலைக்குப் போனா என்ன? மறுநாள் அண்ணாச்சிகிட்ட போயி, "விடியக்காலம் பனியில இருமல் வருது, நாங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் பதினோரு மணிக்கு வந்து மூணு மணிக்குப் போறோம்"ன்னேன். அதப் பாத்து வெளுத்தவங்க ஒவ்வொருத்தரா எங்ககூட வந்துட்டாங்க. அப்பத்தான் எனக்கு ஒண்ணு ஒறைச்சது: வெளுத்தவங்க மட்டும் உச்சியில வந்தா, உச்சியில வர்றவங்க எல்லாம் வெளுத்தவங்கன்னு தெரிஞ்சிரும்லா? அதனால கருத்தவங்க வீட்டுக்கும் ஏறி எறங்கி, கையப் புடிச்சு, "நீங்களும் வாங்க மயினி, நாளைக்கு உங்க வீட்டுக்கும் இது வரும்"னு பேசிப்பேசி, ஒரு மாசத்துல மொத்த ஊரையும் உச்சிவெயிலுக்கு மாத்திப்புட்டேன். அவ்வளவு சமத்து நான்! அண்ணாச்சி காலையில டவுனுக்குப் போயிட்டு மெதுவா வர வசதியா இருக்குன்னு தலையாட்டிட்டாரு. மழைக்காலத்துல சூரியன் சரிஞ்சு நிழல் கொஞ்சம் நீளும்தான், ஆனா அப்ப உப்பளமே மூடிக் கெடக்கும். கூடை சொமக்குறத மட்டும் சரியா உச்சியில முடிச்சுக்கிட்டு, மிச்ச நேரம் வெள்ளைப் பாத்திக்குள்ளயே நிப்போம். அந்த முறைக்கு ஒரு ஓட்டை கெடையாது.

தண்ணியா? அதச் சொல்ல விட்டுட்டேன். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் ஒரு மறைப்பு இல்லாத வெளியில பொம்பளைங்க எங்க போயி ஒதுங்குறது? அதனால யாரும் தண்ணி குடிக்க மாட்டோம். இடுப்பு வலிச்சா பொட்டிக்கடையில வலிமாத்திரை வாங்கி, பாதி வாய்த் தண்ணியில முழுங்கிக்கிடுவோம். எங்க ஆத்தா காலத்துல இருந்து அப்படித்தான், ஆனா அவங்க பனியில குடிக்காம இருந்தாங்க, நாங்க உச்சியில குடிக்காம இருந்தோம்.

அதுக்கு அடுத்த வருசம்தான் டாக்டர் ஹமீதா வந்தாவ. காயல்பட்டினத்துக்காரவங்க, குட்டையான உருவம், எந்நேரமும் வாயில ஏதாவது தின்பண்டம், நீண்டநாள் நோய்க்குக் காரணம் தேடுறதே அவங்க வேலை. செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்கு வேன் வரும். ரத்தம் எடுப்பாவ, ஒண்ணுக்கு எடுப்பாவ, கெணத்துத் தண்ணி, குழாய்த் தண்ணி, அரிசி, பருப்பு, மீன் எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்து டப்பியில அடைப்பாவ. பள்ளிக்கூடத்துப் பக்கத்துல கருப்புத் துணியில ஒரு கூடாரம் போட்டு, உள்ள ஒரே ஒரு விளக்க எரியவச்சு, ஒவ்வொருத்தரா நிக்கச் சொல்லி, பெயிண்ட் கடையில குடுப்பாங்கல்லா அந்த மாதிரி ஒரு அட்டைய நிழல் பக்கத்துல வச்சுப் பாப்பாவ. ஒண்ணாம் நம்பர் கருப்பு, பன்னெண்டாம் நம்பர் வெள்ளை. யாரு நம்பரையும் வேற யாருகிட்டயும் சொல்ல மாட்டாவ, தலையே போனாலும் சொல்ல மாட்டாவ. ஆளுகளக் கூடாரத்துக்குக் கூட்டியாற வேலை என்னுது. நான் மட்டும் உள்ள போய் நின்னதில்ல. எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லிக்கிடுவேன்.

மொத நாளே ஒரு கூத்து நடந்துச்சு. காலை ஏழு மணிக்கு ஊரே வீட்டுல இருக்கதப் பாத்து டாக்டரம்மா நெகிழ்ந்துபோயிட்டாவ. உப்பளத்து ஆளுகன்னா விடியுமுன்னே போயிருவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்லா?

"எனக்காக வேலைக்குப் போகாம காத்துக்கிட்டு இருக்கீங்களே, உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்!"

நாங்க சிரிச்சு வச்சோம். செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமை அதே சிரிப்பு. நூத்திநாப்பது கேள்வி இருந்துச்சு அவங்க தாள்ல, என்ன எண்ணெய், என்ன புகையிலை, எந்தக் கெணறு, எந்த மருந்து, தாத்தாவுக்கு என்ன நோய். எத்தன மணிக்கு வேலைக்குப் போறீங்கன்னு மட்டும் இல்ல. கேக்காதத நாங்க ஏன் சொல்லணும்னு இருந்துட்டோம்.

இதுக்கு நடுவுல செல்வக்கனிக்கு வரன் வந்துச்சு. பக்கத்துச் சிப்பிவிளை, மாப்பிள்ளை லிங்கதுரை, அவனும் உப்பளத்து வேலைதான், அமைதியான பையன், அம்மா தங்கபுஷ்பம் அத்தை மட்டும் அமைதிக்கு நேரெதிர். பொண்ணு பாக்க மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வாங்கன்னேன். வந்தாவ. கல்யாணம் சித்திரை மொத வாரம், சரியா உச்சியில, அபிஜித் முகூர்த்தம், எந்த தோஷமும் அண்டாதுன்னு ஜோசியரே சொல்லுதாருன்னேன். ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி கேப்பாவன்னு பயந்துக்கிட்டு இருந்தா, அத்தை ஒரே வார்த்தையில, "எங்களுக்கும் அதுதான் வசதி"ன்னுட்டாவ. கும்பிட்ட தெய்வம் கைவிடலன்னு நெனச்சுக்கிட்டேன். சித்திரை உச்சியில கொடிக்கம்பத்துக்கே நிழல் இல்ல. தாலி ஏறுச்சு, போட்டோ எடுத்தாங்க, டாக்டரம்மா வந்து மூணு தடவ பாயசம் வாங்கிக் குடிச்சாவ.

கல்யாணத்துக்கு அப்புறமும் செல்வக்கனி எங்க உப்பளத்துக்கே வேலைக்கு வந்தா. சிப்பிவிளையில விடியக்கால முறைதான், அங்க போனா மாட்டிக்கிடுவா. ஆச்சரியம் என்னன்னா, லிங்கதுரையும் அந்த ஊரு வேலைய விட்டுட்டு அவகூடவே உச்சிக்கு வந்துட்டான். பொண்டாட்டிய விட்டு ஒரு நாழி பிரிய மாட்டேங்கானேன்னு ஊரே கண்ணு போட்டுச்சு.

ஒரு வருசம் போச்சு. ஊர்ல வெளுத்தவங்க ஒம்பது பேரா இருந்தது நாப்பத்தொண்ணு ஆயிருச்சு. டாக்டரம்மா தின்பண்டத்தக் கொறச்சுட்டாவ. பதினேழு கெணத்துத் தண்ணியிலயும் ஒண்ணும் அகப்படல.

"பட்டு, சிப்பிவிளையும் இதே தண்ணி, இதே அரிசி, இதே மீன். அங்க ஏன் பத்து பேரு, இங்க ஏன் நாப்பத்தொண்ணு? மூணு மாசத்துல காரணம் சொல்லலன்னா வேனைத் திருப்பி அனுப்பச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க. எனக்கு வேற வேலை கெடைக்கும். இவங்களுக்கு வேற கிட்னி எங்க இருந்து கெடைக்கும்?"

அந்த வாரம்தான் செல்வக்கனி எங்கிட்ட வந்து சொன்னா. கல்யாணத்தப்ப அவ நம்பர் அஞ்சு. இப்ப ஏழு. இந்த வேகத்துல போனா மூணு வருசம்னு ரத்தத்தப் பாத்து டாக்டரம்மா சொல்லியிருக்காவ. சொல்லும்போது அவ அழல, நான்தான் அழுதேன். அழுதுக்கிட்டே கணக்குப் பாத்தேன்: எப்ப இருந்து இந்த வேகம்? நான் ஊர உச்சிக்கு மாத்தினதுல இருந்து.

"ஏட்டி, நான் போயி டாக்டரம்மாகிட்ட மணியச் சொல்லப்போறேன்."

"யக்கா, சொன்னா விடியக்காலத்துக்கு மாத்தச் சொல்லுவாவ. காலை வெயில்ல நின்னா அவிய வீட்டுல எல்லாரும் என் நிழலப் பாப்பாவ. என் வாழ்க்கை போச்சுக்கா."

"சொல்லலன்னா உசுரே போச்சு."

"மூணு வருசம் இருக்குல்லா? அவரு கூட மூணு வருசம் போதும்க்கா எனக்கு."

இப்படிச் சொன்னவள என்ன செய்ய? ஓங்கி ஒரு அறை விடலாமான்னு இருந்துச்சு. விடல. நேரா வேனுக்குப் போனேன். டாக்டரம்மா காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாவ. "நாங்க யாரும் விடியக்காலம் வேலைக்குப் போறதில்லம்மா. உச்சியிலதான் போறோம். நாலு வருசமா. நான்தான் மாத்தினேன்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். காப்பி டம்ளர் அப்படியே நின்னுச்சு.

"உச்சின்னா?"

"பதினோரு மணியில இருந்து மூணு மணி வரைக்கும்."

"தண்ணி?"

"குடிக்கிறதில்ல."

டாக்டரம்மா அந்த நூத்திநாப்பது கேள்வித்தாள எடுத்து என் மேலயே வீசிட்டாவ. அப்புறம் தானே குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்கினாவ. "உங்க மேல தப்பில்ல. காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சு சந்தோசப்பட்டேனே, அந்த முட்டாள்தனம் என்னுது"ன்னாவ. தாளையெல்லாம் அடுக்கி வச்சுட்டு நிதானமாப் பேசினாவ. வெயில்ல ஒடம்பு வத்துது, வத்தின ஒடம்புல வலிமாத்திரை விழுது, நாள் தவறாம கிட்னி அடிவாங்குது; இதுதான் முழுக் காரணம்னு இப்பவே எழுத முடியாது, மாத்திப் பாத்து அளக்கணும். ரெண்டு உப்புக்காலம் ஊரே விடியக்காலத்துக்குத் திரும்பணும். பந்தல், தண்ணி, கக்கூஸு வேணும், வலிமாத்திரை கூடாது. "ஆனா ஊரு சம்மதிக்கணும். சம்மதிச்சா எல்லா நிழலும் வெளிய வரும். பட்டு, உன்னால முடியுமா?"

"மாத்தினவளுக்குத் திருப்பத் தெரியாதா?"ன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துச் செம்மண் மைதானத்துல ஊரக் கூட்டினேன். எல்லாரும் வேப்பமரத்து நிழலுக்குள்ளயே நெருக்கியடிச்சு நின்னாங்க, ஒரு காலு வெளிய வரல. நயினார் அண்ணாச்சி நாற்காலியோட வந்திருந்தாரு. சிப்பிவிளையில இருந்து தங்கபுஷ்பம் அத்தையும் வந்துட்டாவ, யாரு சொன்னாங்களோ. டாக்டரம்மா பேசினாவ, யாரும் அசையல. சரி, ஆரம்பிச்சவளே நடக்கட்டும்னு நான் மரத்த விட்டு வெயிலுக்குள்ள போனேன். நாலு வருசமா வெயில்ல நடக்கும்போதெல்லாம் என் நிழலப் பாக்காமலே நடந்தவ நான். திரும்பிப் பாத்தா, சாம்பல்! செம்மண் மேல அடுப்புச் சாம்பலா நீண்டு கெடக்கு.

கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னவ நான். அழுகையும் வருது, கோவமும் வருது. "பாத்துக்கிடுங்க! உங்கள எல்லாம் உச்சிவெயில்ல கொண்டுபோயி நிறுத்தினவ நிழலு இது. நான் ஒளிச்சு வைக்கச் சொன்னேன், அது ஒளிஞ்சுக்கிட்டே நம்மளத் தின்னுருக்கு"ன்னு கத்தினேன்.

செல்வக்கனி அதப் பாத்துட்டா. மாமியார் நிக்காவ, புருசன் நிக்கான், எதையும் யோசிக்கல, "யக்கா!"ன்னு ஓடி வந்து என்னக் கட்டிக்கிட்டா. அவ நிழல் என் நிழலுக்குப் பக்கத்துல அத விட வெள்ளையா விழுந்துச்சு. நான் அத்தை முகத்தப் பாக்கப் பயந்து தரையவே பாத்துக்கிட்டு நின்னேன்.

அப்ப மூணாவதா ஒரு நிழல் வந்து எங்க ரெண்டு நிழலுக்கும் பக்கத்துல படுத்துச்சு. அதுவும் சாம்பல். நிமிந்து பாத்தா லிங்கதுரை!

"நீங்களுமா?"ன்னா செல்வக்கனி.

"கல்யாணத்துக்கு முன்னாலயே"ன்னான் அவன். "நீ கண்டுபிடிச்சிருவியோன்னு பயந்துதான் காலையில வெளிய வராமலே கெடந்தேன்."

"நான் உங்களச் சோம்பேறின்னு நெனச்சேன்."

"நான் உன்ன வெக்கக்காரின்னு நெனச்சேன்."

ஒரு வருசம் ஒரே வீட்டுல புருசனும் பொண்டாட்டியும் கண்ணாமூச்சி வெளையாடியிருக்காவ! "எங்களுக்கும் அதுதான் வசதி"ன்னு அத்தை ஒடனே சம்மதிச்சது அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. திரும்பிப் பாத்தேன். அத்தை மூக்குத்தியத் திருகிக்கிட்டு, "என்னளா மொறைக்க? நீ மட்டுந்தான் சமத்துன்னு நெனச்சியா?"ன்னாவ. மரத்தடியில யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க, அது அப்படியே பரவி, சிரிச்சுக்கிட்டே மாரித்தங்கம் வெளிய வந்தான், டீச்சர் வந்தாவ, அப்புறம் ஒவ்வொருத்தரா, ஒவ்வொரு வீடா வந்து, அந்த மைதானம் முழுக்கக் கருப்பும் சாம்பலும் வெள்ளையுமா நிழல் விரிஞ்சு கெடந்துச்சு, கோழிங்க எதக் கொத்துறதுன்னு தெரியாம அங்கயும் இங்கயும் ஓடுச்சு.

அண்ணாச்சி எந்திரிச்சாரு. "இவ்வளவு பேரு வெளுத்திருக்கீங்க, நான் யார வேலைக்கு வைக்க?"

"எல்லாரையும் நிறுத்துங்க. நாளைக்கு உப்ப நீங்களும் உங்க நாற்காலியுமா வாருங்க"ன்னேன். அவரு மைதானத்த ஒரு சுத்துப் பாத்தாரு, நாற்காலியில உக்காந்தாரு. பந்தலுக்கு எத்தன ஓலை வேணும்னு கேட்டாரு.

இது நடந்து மூணு வருசம் ஆச்சு. இப்ப நாலு மணிக்குப் போயி ஒம்பதுக்கு வந்திருதோம். அரைமணிக்கு ஒருதடவ அண்ணாச்சி மணி அடிப்பாரு, அடிச்சா வேணுமோ வேணாமோ ஆளுக்கு ஒரு செம்பு குடிச்சே ஆகணும். உப்பளத்து நடுவுல பொம்பளைங்களுக்கு மூணு கக்கூஸு நிக்குது, ராணி வீட்டு அரண்மனை கணக்கா. அதுக்குப் பெறகு புதுசா வெளுத்தவங்க மூணே பேரு. டாக்டரம்மா எங்கெங்கயோ போயி இதப் பேசிட்டு வாராவ, திரும்பி வரும்போதெல்லாம் அல்வா கொண்டு வாராவ. ஆனா ஒண்ண மொதல்லயே தெளிவாச் சொல்லிட்டாவ: வெளுத்தது திரும்பக் கருக்காது, போன கிட்னி போனதுதான், இருக்கத நிறுத்தி வைக்கலாம், அதுக்கு மாத்திரையும் தண்ணியும் பரிசோதனையும் ஆயுசுக்கும் வேணும்.

செல்வக்கனி அன்னைக்கு ஏழு. இன்னைக்கும் ஏழு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கூடாரத்துக்குள்ள இருந்து வெளிய வந்து, "ஏழுலயே நிக்குதுக்கா"ன்னு சொல்லும்போது அவ முகத்தப் பாக்கணும் நீங்க. பள்ளிக்கூடத்துல மொத மார்க் வாங்கினப்ப கூட அப்படிச் சிரிச்சதில்ல. லிங்கதுரை ஆறு, நான் நாலு. மூணு வருசம்னு சொன்னாவல்லா, அது போன மாசத்தோட முடிஞ்சுது.

முடிஞ்ச அன்னைக்கு அவ ஒரு ஆசை சொன்னா. கல்யாண ஆல்பத்துல ஒரு போட்டோவுலயும் யாருக்கும் நிழல் இல்ல, அந்தரத்துல நிக்குத மாதிரி இருக்கு, நல்லதா ஒண்ணு எடுக்கணும்னா. பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டா, அவனும் வேட்டி சட்டை போட்டுக்கிட்டான், அத்தையும் நானும் ரெண்டு பக்கம். சாயங்காலம் நாலரைக்குச் செம்மண் மைதானத்துல வரிசையா நின்னோம். டவுன்ல இருந்து வந்த போட்டோக்காரரு கேமராவுல கண்ண வச்சுப் பாத்துட்டு, "நிழல் முன்னால விழுதும்மா, கொஞ்சம் மரத்தடிக்குத் தள்ளி நில்லுங்க"ன்னாரு.

"விழட்டும்ணே, அது வரணும்னுதான் நிக்கோம்"ன்னா செல்வக்கனி.